கூந்தல் குறைப்பும் முடியின் தன்மை மாற்றமும்: திருவண்ணாமலை முடிக்காணிக்கையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நீண்ட கூந்தலைக் குட்டையாக வெட்டினாலோ முழுவதும் மழித்தாலோ அடுத்து வளரும் முடி தடிப்பாகவும் கருமையாகவும் அடர்த்தியாகவும் அமையும் என்னும் நம்பிக்கை தமிழ் மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. முடியியல் சோதனைகள் இந்நம்பிக்கையை ஏற்கவில்லை. ஆயினும் வெட்டிய பின்னர் முடி வேறுபட்டுத் தோன்றுகிறது என்னும் மக்களின் கூர்நோக்கு பொய்யன்று. கண்டது உண்மையாகவும் அதற்குக் கூறும் காரணம் பிழையாகவும் இருப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வெட்டுதலால் மாறுவது முடியன்று. நம் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் பகுதியின் வயதும் நீளமும் முனை வடிவமுமே மாறுகின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கூந்தல், கூழை, முடிக்காணிக்கை, மயிர்க்கால், சடை, திருவண்ணாமலை.

முன்னுரை

பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்குரியதாகிய திருவண்ணாமலைக்கு வருவோருள் முடிக்காணிக்கை செலுத்துவோரும் பலர். குழந்தைக்கு முதல் மொட்டை போடும் பெற்றோர், நோய் நீங்கியதற்கு நேர்த்திக்கடன் தீர்க்கும் பெண்கள், ஆண்டுதோறும் வேண்டுதலாக மழித்துக்கொள்ளும் ஆண்கள் எனப் பலரும் இவர்களுள் அடங்குவர். இந்து சமய அறநிலையத்துறையின் ஆளுகையிலுள்ள கோயில்களில் 2021ஆம் ஆண்டு முதல் மொட்டைக்குக் கட்டணம் பெறப்படுவதில்லை.

காணிக்கை செலுத்துவதன் நோக்கம் இறைவழிபாடே. ஆயினும் அதனை ஒட்டி உலகியல் சார்ந்த எதிர்பார்ப்பு ஒன்றும் நிலவுகிறது. ‘மொட்டை போட்டால் முடி நன்றாக வளரும்’ என்னும் பேச்சைக் கேளாத தமிழ்க் குடும்பம் அரிது. இடுப்பளவு கூந்தலைத் தோளளவாகக் குறைத்துக்கொண்ட பெண்கள், ‘என் முடியே மாறிவிட்டது, முன்பு நேராக இருந்தது, இப்போது சுருள்கிறது’ என்பதும் உண்டு. இவ்விரு கூற்றுகளும் ஒரே வினாவின் இரு வடிவங்கள். முடியைக் குறைப்பது முடியின் தன்மையை மாற்றுமா என்பதே அவ்வினா. இங்குத் ‘தன்மை’ என்பது தொடுகையில் உணரும் மென்மையும் வன்மையும், கண்ணுக்குப் புலப்படும் நெளிவு, தலை முழுவதற்குமாகத் தோன்றும் அடர்த்தி ஆகிய மூன்றையும் சுட்டும்.

கூந்தலைக் குறிக்கும் சொற்கள்

தமிழில் கூந்தலைக் குறிக்கும் சொற்கள் பல. கூந்தல், குழல், ஓதி, ஐம்பால், கூழை, சடை, குடுமி, குஞ்சி என விரியும் இச்சொற்களுள் பல, முடியின் நீளத்தையும் அது முடிக்கப்பட்ட முறையையும் அடிப்படையாகக் கொண்டவை. ஐம்பால் என்பது ஐவகையாக ஒப்பனை செய்யப்படும் கூந்தலைக் குறித்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் ஆளப்பெறும் கூழை என்னும் சொல்லுக்குக் கூந்தல் என்னும் பொருளோடு, குட்டையானது, கடை குறைந்தது என்னும் பொருளும் வழக்கில் உண்டு.

புறநானூற்றின் 25, 250, 261 ஆகிய பாடல்கள் கணவனை இழந்த மகளிர் கூந்தலைக் களைந்த வழக்கத்தைப் பதிவு செய்கின்றன. சங்கப் புலவர்கள் நீண்ட கூந்தலுக்கு அறலை, அதாவது நீர் வடிந்தபின் கருமணலில் எஞ்சும் வரிவரியான நெளிவை, உவமையாக்கினர். அறல் தோன்றுவதற்கு மணற்பரப்பு வேண்டும். கூந்தலில் நெளிவு தோன்றுவதற்கு நீளம் வேண்டும். கொய்யப்பட்ட தலையில் அறலைக் காண இயலாது. ஒரே தலையில் வளரும் ஒரே முடி நீளத்திற்கேற்ப வேறுபட்ட பெயரும் உவமையும் பெறுவதால், வெட்டுவதும் வளர்ப்பதும் முடியின் இயல்பையே மாற்றுவனபோல் தோன்றுவதில் வியப்பில்லை. திருக்குறள் கூடாவொழுக்க அதிகாரத்தில் மழித்தலையும் நீட்டலையும் புறக்கோலங்களாகவே கருதுகிறது. அறத்தைப் பற்றிய அக்கருத்து, முடியின் உடலியலுக்கும் பொருந்துவதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

மயிர்க்காலும் மயிர்த்தண்டும்

முடி இரு பகுதிகளை உடையது. தோலுக்குள் புதைந்துள்ள மயிர்க்கால் உயிருள்ளது. அங்குள்ள உயிரணுக்கள் பெருகி, கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, இறுகி, இறந்து, தண்டாக வெளித்தள்ளப்படுகின்றன. தோலுக்கு வெளியே நாம் காணும் மயிர்த்தண்டில் உயிரணு இல்லை, நரம்பில்லை, குருதியோட்டமும் இல்லை. எனவேதான் முடியை வெட்டும்போது வலிப்பதில்லை.

முடியின் தடிப்பை மயிர்க்காலின் அளவும், சுருளை மயிர்க்காலின் வடிவமும், நிறத்தை அங்குள்ள நிறமி அணுக்களும் தீர்மானிக்கின்றன. மயிர்க்கால்களின் எண்ணிக்கை கருவிலேயே முடிவாகிவிடுகிறது. கத்தரிக்கோலோ சவரக்கத்தியோ தோலுக்கு மேலுள்ள தண்டை மட்டுமே தொடுகிறது. தண்டு வெட்டப்பட்ட செய்தியை மயிர்க்காலுக்கு உணர்த்தும் வழி ஏதும் தண்டில் இல்லை. மரத்தின் கிளையைக் கவாத்து செய்தால் புதுக்கிளைகள் செறிந்து துளிர்க்கும். கிளை உயிருள்ளது; அதில் மொட்டுகள் உள்ளன. முடியைக் கிளையோடு ஒப்பிட்டதே இந்நம்பிக்கையின் தோற்றுவாய்களுள் ஒன்றாகலாம். ஆனால் உயிரற்ற தண்டாகிய முடிக்கு அவ்வொப்புமை பொருந்தாது.

முடியின் வயது

தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. இக்கணக்கின்படி 60 செ.மீ. கூந்தலின் நுனி ஐந்து ஆண்டு வயதுடையது. தோலை ஒட்டிய பகுதியோ சில நாள் வயதுடையது. ஆகவே ஒரே முடியின் அடியும் நுனியும் வெவ்வேறு வயதுடையவை.

செவ்வாய், வெள்ளி என வாரம் இருமுறை தலைமுழுகும் ஒரு பெண்ணின் கூந்தலை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் அக்கூந்தலின் நுனி ஏறத்தாழ 520 முறை நனைந்து, தேய்க்கப்பட்டு, உலர்ந்திருக்கும். நாள்தோறும் சீவுதல், பின்னுதல், வெயில், காற்று ஆகியவற்றின் தேய்மானமும் அதனோடு சேரும். மயிர்த்தண்டின் வெளிப்புறத்தில் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ள செதிலடுக்கு உண்டு. அதன் மேற்பரப்பில் நீரை விலக்கும் கொழுப்புப் படலம் ஒன்றும் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல நுனிப்பகுதியில் இப்படலம் தேய்கிறது, செதில்கள் தூக்கி நிற்கின்றன, பின்னர் உதிர்கின்றன. உள்ளிருக்கும் இழைகள் வெளிப்பட்டு நுனி பிளவுபடுகிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை நீண்ட கூந்தலின் நுனிவரை எளிதில் சென்று சேர்வதும் இல்லை. வறட்சி, சொரசொரப்பு, செம்பட்டை நிறம் ஆகியன நுனியில் மிகுவதற்கு இவையே காரணம்.

இக்கூந்தலை 10 செ.மீ. அளவுக்குக் குறைத்தால், எஞ்சும் முடியின் மிக முதிர்ந்த பகுதிக்கும் வயது பத்து மாதமே. அது ஏறத்தாழ 87 முறைதான் தலைமுழுக்கைக் கண்டிருக்கும். தொடுவதற்கு அது வழவழப்பாகவும் பார்ப்பதற்குக் கருமையாகவும் இருப்பது இயல்பு. புதிய தன்மையுடைய முடி முளைத்துவிட்டது என்பது இதன் பொருளன்று. பழைய பகுதி நீங்கி, முன்பே அங்கிருந்த இளம்பகுதி மட்டும் எஞ்சியுள்ளது என்பதே பொருள்.

சடை: நீளமும் உராய்வும்

செதிலடுக்கின் அமைப்பு சடையின் தோற்றத்தையும் விளக்குகிறது. செதில்கள் அடியிலிருந்து நுனி நோக்கிப் படிந்துள்ளமையால், விரலை அடியிலிருந்து நுனிக்கு இழுத்தால் முடி வழுக்கும். எதிர்த்திசையில் இழுத்தால் தடுக்கும். வாராத நீண்ட முடியில் எதிரெதிர்த் திசையில் அமையும் இழைகள் ஒன்றையொன்று பற்றிச் சிக்காகி, நாளடைவில் சடையாகின்றன. கோயில்களில் கொய்யப்படும் நீண்ட முடி அடி நுனி மாறாமல் ஒரே திசையில் கட்டப்படுவதால் சவரிக்கும் செயற்கைக் கூந்தலுக்கும் உயர்ந்த விலை பெறுகிறது. சீப்பில் திரளும் சிக்குமுடியில் அடி நுனி கலந்திருப்பதால் அதன் மதிப்புக் குறைவு.

திருவண்ணாமலையில் இதற்கு நன்கறியப்பட்ட சான்றொன்று உண்டு. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூருக்கு வந்துசேர்ந்த இளைஞராகிய வேங்கடராமன், அதாவது பின்னாளில் ரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றவர், அன்றே அய்யங்குளக் கரையில் நாவிதரிடம் குடுமியை நீக்கித் தலையை மழித்துக்கொண்டார். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக அவர் முடியைக் களையவில்லை, வாரவுமில்லை. முடி வளர்ந்து கூடைபோலப் பின்னிக்கொண்டதையும், அதில் பொடிக்கற்களும் தூசியும் படிந்து தலை கனத்ததையும், பிறர் வற்புறுத்தலால் மீண்டும் மழித்தபோது தலை இருக்கிறதோ இல்லையோ என ஐயுறும் அளவுக்கு இலேசாக உணர்ந்ததையும் பிற்காலத்தில் அவரே அன்பர்களிடம் நினைவுகூர்ந்தார். ஆசிரம நூல்கள் இதனைப் பதிவு செய்துள்ளன.

முடியியல் நோக்கில் இந்நிகழ்ச்சி கருதத்தக்கது. மழித்த தலையில் மீண்டும் வளர்ந்த முடி சடையாயிற்று; அச்சடையை மழித்தபின் தலை பழையபடி மழமழப்பாயிற்று. சடைத்தன்மை மயிர்க்காலில் இல்லை. பராமரிப்பின்மையாலும் நீளத்தாலும் உராய்வாலும் தண்டில் ஏற்பட்ட நிலை அது. கிரிவலப் பாதையில் காணும் துறவியரின் சடைக்கும் இதுவே விளக்கம்.

எடையும் நெளிவும்

நேராக இருந்த கூந்தல் குட்டையானதும் சுருள்கிறது என்னும் கூற்றை இனிக் காணலாம். 80 மைக்ரோமீட்டர் விட்டமுடைய ஒரு முடியின் எடை, 60 செ.மீ. நீளத்திற்கு ஏறத்தாழ 4 மில்லிகிராம், 10 செ.மீ. நீளத்திற்கு ஏறத்தாழ 0.65 மில்லிகிராம். இது மிகச் சிறிய எடைதான். ஆயினும் முடியும் மிக மெல்லிய இழையே ஆதலால், தன் எடையாலேயே அது இழுக்கப்படுகிறது. நீண்ட முடியின் மேற்பகுதியில் இவ்விழுவிசை மிகுந்து, இயல்பான நெளிவை நீட்டி நேராக்குகிறது. முடியைக் குறைத்ததும் இழுவிசை ஆறில் ஒரு பங்காகி, மயிர்க்கால் முன்பே வகுத்திருந்த நெளிவு மீள்கிறது. எடை தொங்கவிட்ட சுருள்வில், எடையை நீக்கியதும் மீண்டும் சுருங்குவதை இதற்கு ஒப்பிடலாம். கூந்தல் குறைப்பு நெளிவைப் படைப்பதில்லை. மறைந்திருந்த நெளிவை வெளிப்படுத்துகிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ரேமண்ட் கோல்ட்ஸ்டீன், பேட்ரிக் வாரன், ராபின் பால் ஆகிய மூவரும் குதிரைவால் கொண்டையின் வடிவத்தைக் கணித முறையில் ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளியிட்டனர். முடியின் விறைப்பும் எடையும் சமன்படும் நீளம் ஏறத்தாழ 5 செ.மீ. என அவர்கள் கணித்தனர். இதனினும் மிகக் குட்டையான முடியில் விறைப்பு மேலோங்கும், அது நிற்கும். இதனினும் மிக நீண்ட முடியில் எடை மேலோங்கும், அது விழும். கொண்டையின் உப்பலுக்குத் தனித்தனி இழைகளின் ஒழுங்கற்ற நெளிவே காரணம் என்பதும் அவ்வாய்வின் முடிபு.

மாதத்திற்கு 1 செ.மீ. என்னும் வளர்ச்சிக் கணக்கோடு இதனை இணைத்துப் பார்க்கலாம். மொட்டைக்குப் பின்னர் 5 செ.மீ. நீளத்தை எட்ட ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகும். மொட்டை போட்ட சில மாதங்கள்வரை முடி படியாமல் குத்திட்டு நிற்பதும் பின்னர் மெல்லப் படிவதும் வீடுகளில் காணும் அனுபவம். முடி தடித்துவிட்டது என இதனைக் கொள்கின்றனர். அம்மாதங்களில் முடி குட்டையாக இருந்தது என்பதே காரணம்.

முனை வடிவமும் வன்மையும்

ஒருமுறையும் வெட்டப்படாத முடியின் முனை ஊசிபோல் கூர்ந்து மெலிந்திருக்கும். குழந்தையின் முதல் முடி மென்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழித்த பின்னர் வெளிவரும் முடியின் முனை தட்டையாக வெட்டுப்பட்டது. அதன் முனையிலும் தண்டின் முழுத் தடிப்பு உள்ளது. அதனைத் தடவும் கை, கூர்முனைக்கு மாறாகத் தட்டைமுனையை உணர்கிறது.

இதனினும் முதன்மையான காரணம் நீளம். ஒரு முனை பொருத்தப்பட்ட கம்பியை மறுமுனையில் அழுத்தி வளைப்பதற்கு எதிரான விறைப்பு, நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது இயற்பியல் விதி. 2 செ.மீ. முடியைக் காட்டிலும் 2 மி.மீ. முடி, விரலுக்கு ஆயிரம் மடங்கு விறைப்பாகத் தோன்றும். முடியின் தடிப்பில் சிறிதும் மாற்றமின்றி நீளம் பத்தில் ஒரு பங்கானதாலேயே இவ்வேறுபாடு எழுகிறது. மொட்டை போட்ட சில நாட்களில் தலையைத் தடவி, ‘முள்முள்ளாக முளைக்கிறது’ என்பது மெய்யான உணர்வு. அம்முள்தன்மை சில வாரங்களில் தானே மறைவதை நோக்கினால், அது நிலையான மாற்றமன்று என்பது விளங்கும்.

அடர்த்தித் தோற்றம்

ஒரு தலையிலுள்ள ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகளும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, பின் சில மாதங்கள் ஓய்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கிறது. நாள்தோறும் 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. ஆகவே நீண்ட கூந்தலில் எல்லா இழைகளும் நுனியை எட்டுவதில்லை. பின்னலின் அடி பருத்தும் நுனி எலிவாலாகவும் இருப்பது இதனால்தான். குறைக்கும்போது இழை குறைந்த நுனிப்பகுதி நீங்குகிறது. வெட்டிய இடத்தில் மிகுதியான இழைகள் ஒரே மட்டத்தில் முடிகின்றன. எண்ணிக்கையில் ஓரிழையும் கூடாமல் கூந்தல் அடர்ந்து தோன்றுகிறது. வெயில் படாத புதிய பகுதியின் கருமை இத்தோற்றத்தை மேலும் வலுவாக்குகிறது.

சோதனைகள் காட்டுவன

மழித்தல் முடியைத் தடிக்கச் செய்யுமா என்பது நெடுங்காலமாகச் சோதிக்கப்பட்டுள்ளது. அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆடவர் நால்வரின் முகச்சவரத்தை ஒழுங்குபடுத்தி, களைந்த முடியை ஆராய்ந்தார். சவரத்தால் முடியின் வளர்ச்சி கூடியதற்கான சான்று கிட்டவில்லை. 1970ஆம் ஆண்டு வெளிவந்த லின்ஃபீல்டு, மெக்வில்லியம்ஸ் ஆகியோரின் ஆய்வில், இளைஞர் ஐவர் வாரந்தோறும் ஒரு காலை மட்டும் பல மாதங்கள் மழித்தனர். மறுகால் ஒப்பீட்டிற்காக விடப்பட்டது. இரு கால்களின் முடித்தடிப்பிலும் வளர்வேகத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே உடலின் இரு பக்கங்களை ஒப்பிட்டமையால் வயது, உணவு, பரம்பரை ஆகியவற்றால் எழும் வேறுபாடுகள் நீங்கின. இவ்வாய்வுகள் சிறு அளவினவே. ஆயினும் மயிர்க்காலின் இயல்பைப் பற்றி அறிந்தவற்றோடு இவை முற்றும் பொருந்துகின்றன.

குழந்தையின் முதல் மொட்டை

நம்பிக்கை மிக வலுவாக வேரூன்றிய இடம் குழந்தையின் தலை. பிள்ளைப்பேறு வேண்டிப் பெற்றோர், கார்த்திகைத் தேரோட்ட நாளில் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து மாடவீதியை வலம்வரும் ஊர் திருவண்ணாமலை. அத்தகைய குழந்தைகளுக்கு முதல் மொட்டையும் விரைவில் நிகழ்வதுண்டு. அதன்பின் முடி தடித்துக் கருத்து வளர்வதைப் பெற்றோர் கண்கூடாகக் காண்கின்றனர்.

ஆனால் கருவில் தோன்றிய முடி, பிறந்த சில மாதங்களில் பெருமளவு உதிர்ந்து, புதுமுடிக்கு இடந்தருவது இயற்கை. குழந்தைப் பருவம் முழுவதும் மயிர்க்கால்கள் வளர்ந்து, முடியின் விட்டம் படிப்படியாகக் கூடுகிறது. மொட்டை போடப்படும் பருவமும் இம்மாற்றம் நிகழும் பருவமும் ஒன்றே. மொட்டை போடாத குழந்தைக்கும் முடி இவ்வாறே தடிக்கும். ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வனவற்றைக் காரண காரியமாகக் கொள்வதால் நேரும் பிழை இது.

இப்பிழையின் விளைவு சில வேளைகளில் சிறியதன்று. முடி மெலிந்திருக்கிறது என்று மீண்டும் மீண்டும் மழிக்கப்படும் குழந்தைக்குக் கத்திக்காயமும் தொற்றும் நேரலாம். புழுவெட்டு, தலைத்தோல் பூஞ்சைத் தொற்று ஆகியவற்றுக்கு மருத்துவம் தேவை. இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டுக் கோளாற்றாலோ முடி கொட்டும் பெண், கூந்தலைக் குறைத்துவிட்டு நல்ல முடி வரும் எனக் காத்திருந்தால், உரிய மருத்துவம் தள்ளிப்போகிறது. மேலும், பருவமடைதல், மகப்பேறு, மருந்துகள், முதுமை ஆகியன மயிர்க்காலைத் தாக்கி முடியை மெய்யாகவே மாற்றக்கூடியவை. கூந்தல் குறைத்த காலத்தில் இவற்றுள் ஒன்று நேர்ந்திருந்தால் பழி கத்தரிக்கோலைச் சேர்கிறது.

முடிவுரை

நீண்ட கூந்தலைக் குறைத்தபின் நெளிவு மிகுவது, நுனி மென்மையாவது, அடர்த்தி கூடியதாகத் தோன்றுவது, மழித்த தலையில் முள்போல் முளைப்பது ஆகிய அனைத்தும் மெய்யான அனுபவங்கள். எடை குறைதல், முதிர்ந்த பகுதி நீங்குதல், இழைகள் ஒரே மட்டத்தில் முடிதல், குட்டையான தண்டின் விறைப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. மயிர்க்கால் மாறியது என்பது இவற்றுள் எதற்கும் காரணமன்று. ஆதலால் முடி மீண்டும் பழைய நீளத்தை அடையும்போது, மேற்கூறிய வாழ்நிலை மாற்றங்கள் நேராவிடின், பழைய தன்மையும் மீளும்.

இதனால் முடிக்காணிக்கையின் மதிப்பு எவ்வகையிலும் குறைவதில்லை. திரும்பப் பெறும் எண்ணமின்றி அளிப்பதே காணிக்கை. அடர்ந்த முடியைக் கைம்மாறாக எதிர்பார்ப்பது பிற்சேர்க்கையே. மக்கள் கண்டதை மறுக்காமல், அதற்கு அவர்கள் கூறும் காரணத்தை மட்டும் பிரித்தாராயும் இவ்வணுகுமுறை, எண்ணெய், சீயக்காய், பேறுகால உணவு முதலியன பற்றிய பிற வழக்காறுகளை ஆராய்வோருக்கும் பயன்படும்.